குடிபுகும் நாளில் வீடு மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

புதிதாக வாங்கிய வீட்டில் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒன்று மக்கர் செய்ய ஆரம்பிக்கும். விளக்கு எரியாது, அல்லது எரிந்து அணையும். குழாயைத் திறந்தால் தண்ணீர் பழுப்பாக வரும். குளியலறையில் ஒரு வாடை அடிக்கும். சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய வீடு என்பதால், ஒவ்வொரு சின்னக் கோளாறும் "ஏமாந்துவிட்டோமோ" என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இரண்டுதான். ஒன்று, வீடு சில வாரமோ சில மாதமோ ஆள் புழக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறது. இன்னொன்று, பொருள்கள் கழற்றப்பட்டு, வண்டியில் சாய்ந்து குலுங்கி வந்திருக்கின்றன. இவற்றை வைத்து வீடு நல்லதா கெட்டதா என்று முடிவுகட்ட முடியாது. உண்மையிலேயே ஆபத்தானவை கொஞ்சம்தான். அவற்றை முதலில் வைத்திருக்கிறேன். மற்றவற்றை, உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பெட்டிகள் வந்து சுவரை மறைப்பதற்குள் மூன்று இடங்களைக் கண்டுபிடித்துவிடுங்கள்: மின்சாரத்தின் மெயின் சுவிட்ச், வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு, கேஸ் இருந்தால் அதன் வால்வு. மெயினையும் தண்ணீர் வால்வையும் ஒருமுறை அடைத்துத் திறந்து பாருங்கள். நெடுநாள் தொடாத தண்ணீர் வால்வு இறுகிப்போயிருக்கும். குறடு போட்டு முறுக்காதீர்கள், தண்டு முறிந்தால் இருக்கிற பிரச்சினை பத்து மடங்காகும். கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றால் பிளம்பருக்கான வேலைகளில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்று இடமும் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாக்கிலேயே மின்சாரம், தண்ணீர், கேஸ் மீட்டர்களின் எண்களைப் போட்டோ எடுத்துவிடுங்கள். முந்தைய உரிமையாளரின் பாக்கி எது, உங்கள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்ற பேச்சு வந்தால் அந்தப் போட்டோதான் பேசும்.

கேஸ் வாடை அடிக்கிறது

இதை மட்டும் ஆராய உட்காராதீர்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரிகிற விளக்கு எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும். சுவிட்சைத் தட்டும்போது உள்ளே தெறிக்கும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். எட்டும் இடத்தில் இருந்தால் கேஸ் வால்வை அடையுங்கள். போகிற வழியில் உள்ள கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். போன் செய்வது வெளியே வந்த பிறகுதான். வாசலில் ஒருவர் நின்று, யாரும் அழைப்பு மணியை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் நாளில் இது எளிதில் விட்டுப்போகும்.

சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறிக் கூரையை ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் இயல்பில் சொல்லும்படியான வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் போன்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு அந்த வாடைக்குச் சீக்கிரம் பழகிவிடும். எனவே "இப்போது குறைந்துவிட்டதே" என்று நினைத்துத் திரும்ப உள்ளே போகக் கூடாது.

இன்றைக்கு இது நடப்பதற்கு வழக்கமான காரணம் அடுப்பை இடம் மாற்றி மாட்டியதுதான். ரப்பர் குழாய் முழுதாக ஏறியிருக்காது, கிளிப் இறுகியிருக்காது, அல்லது பழைய குழாய் மடங்கிய இடத்தில் வெடித்திருக்கும். அவசர உதவிக்கு வருபவர்கள் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு உள்ளே போங்கள். இணைப்பையும் கேஸ் வேலை தெரிந்தவரே சரிபார்க்கட்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும் வேலை.

இன்னொன்று வாடையே இல்லாமல் வரும். வீட்டிலிருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளியே போய் நின்றால் தெளிகிறது என்றால், கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி அடைபட்டிருக்கலாம், அல்லது காற்றுத் துவாரத்தை மறைத்து யாராவது பெட்டிகளை அடுக்கியிருக்கலாம். சாமான் தூக்கிய களைப்பு என்று இதை எடுத்துக்கொள்வது எளிது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். எல்லோரும் வெளியேறுங்கள், உதவிக்கு அழையுங்கள், ஹீட்டரைச் சரிபார்க்காமல் மறுபடி பற்றவைக்காதீர்கள்.

மெயின் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். மின்பெட்டியில் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்சுகள் பொதுவாக இரண்டு வகை இருக்கும். எம்சிபி, அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆர்சிசிபி, மின்சாரம் போன வழியே திரும்பி வராமல் வேறு எங்காவது கசிந்தால் விழும். அதன் முகப்பில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும்படி வைத்திருப்பார்கள், மனித உயிரைக் காப்பதற்கான அளவு அது. திரும்பத் திரும்ப விழுகிறதே என்று அதைச் சுற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்க யாராவது முன்வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

எம்சிபி விழுகிறது என்றால், போட்ட உடனே விழுகிறதா, சில நிமிடம் கழித்தா என்று கவனியுங்கள். சில நிமிடம் தாங்கி விழுந்தால் அநேகமாக ஓவர்லோடு. குடிபுகும் நாளில் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், வேக்யூம் கிளீனர் என்று எல்லாவற்றையும் சொருகியிருப்பார்கள். சூடாக்கும் கருவிகளைப் பிரித்து வெவ்வேறு அறைகளில் போடுங்கள், எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். போட்ட கணமே படாரென்று விழுந்தால் ஷார்ட். சாமான் நகர்த்தும்போது ஏதாவது வயர் நசுங்கியிருக்கிறதா, இன்று சுவரில் அடித்த ஆணி வயரில் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் ஓடும், அந்த வரிசையில் ஆணியோ டிரில்லோ கூடாது.

எந்த வகை விழுந்தாலும் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். மெயினை ஏற்றுங்கள், அடுத்து ஆர்சிசிபி. இரண்டும் நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதிலிருந்து போகும் வயர் வரிசையில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை ஏற்றினால், வீட்டின் மீதிப் பகுதிக்கு வெளிச்சம் வந்துவிடும். எல்லாம் ஏறி நின்றுவிட்டது, பிளக்கைச் சொருகும்போதுதான் விழுகிறது என்றால் வயரிங்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கருவியில்தான் பிரச்சினை. வண்டியில் ஈரம் பட்ட வாஷிங் மெஷினும், நெடுநாள் கிடந்த கீசரின் ஹீட்டிங் காயிலும் இதில் அடிக்கடி அகப்படும். வீட்டுக்கு வெளியே மழை படும் சாக்கெட்டையும் பாருங்கள்.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். பல பெட்டிகளில் எம்சிபி, மின்சாரம் வரும் லைன் வயரை மட்டும்தான் துண்டிக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இணைந்தே இருக்கும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். இது எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை.

கருகிய வாடை, சாக்கெட்டில் சடசட சத்தம், பழுப்புக் கறை, தொட்டால் சூடு: இதில் எது இருந்தாலும் அந்த வரிசையை இறக்கிவிட்டு அப்படியே விடுங்கள், மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டாம். பழைய ஃபியூஸ் வகையானால், தடிமனான கம்பி போட்டுக் கட்டுவது கூடவே கூடாது. உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும்.

எதுவுமே விழவில்லை, ஆனால் வீடு முழுக்க மின்சாரம் இல்லை என்றால் அக்கம்பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அங்கே எரிந்தால், முந்தைய உரிமையாளர் தன் பெயரிலிருந்த இணைப்பை முடித்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குள் தேடாமல் மின்வாரியத்தைக் கேளுங்கள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை, அல்லது நூல் மாதிரி வருகிறது

ஒரு குழாயில் மட்டுமா, எல்லாக் குழாயிலுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றில் மட்டும் என்றால், சிங்க்குக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வு மூடியிருக்கலாம், வீட்டை ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்தவர்கள் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அது திறந்தே இருந்தால், குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கையால் சுழற்றிக் கழற்றுங்கள். அதில் மணலும் துருவும் சேர்ந்திருக்கும். கழுவி மாட்டினால் தண்ணீர் பழையபடி வரும்.

எல்லாவற்றிலும் வரவில்லை என்றால் மெயின் வால்வு பாதிதான் திறந்திருக்கிறதா, மேல்தொட்டி இருக்கும் வீடானால் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தும் குழாய் இருமி இருமித் துப்பினால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து ஓடவிடுங்கள், காற்று வெளியேறிவிடும். கீழே ஓட ஆரம்பித்த பிறகு மேலே உள்ள குழாய்களுக்கு வாருங்கள்.

தண்ணீர் பழுப்பாக வருகிறது

குழாயில் தேங்கிய தண்ணீர் இரும்பைத் தொட்டுக்கொண்டே நின்றதால் வரும் துரு இது. பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்து தெளியும்வரை விடுங்கள். சுடுதண்ணீர்ப் பக்கம் திறக்காதீர்கள், திறந்தால் அந்தத் துரு ஹீட்டர் தொட்டிக்குள் போய்ப் படியும். தெளியும்வரை வாஷிங் மெஷினும் ஓட வேண்டாம், வெள்ளைத் துணியில் பிடித்த துரு எளிதில் போகாது. பழுப்பு சுடுதண்ணீரில் மட்டும் வருகிறது என்றால் ஹீட்டர் தொட்டியின் உள்ளே துரு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அது இன்றைய அவசரம் இல்லை, ஆனால் விட்டுவிடக் கூடிய விஷயமும் இல்லை.

தண்ணீர் தெளிவாக வந்தாலும், ஆளில்லாமல் கிடந்த வீட்டில் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட்டுவிட்டுத்தான் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்க வேண்டும். பழைய கட்டடங்களில் ஈயக் குழாயோ ஈயப் பற்றோ இருந்தால், தேங்கிய தண்ணீரில் ஈயம் கரைந்து ஏறியிருக்கும். அது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

ஷவரில் இன்னொரு கவலை உண்டு. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா, 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் நன்றாகப் பெருகும். அந்தத் தண்ணீர் சாரலாகி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைத் தாக்கும். எனவே முதல் முறை ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, சாரல் தெறிக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்து, பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் நன்றாக ஓடவிடுங்கள். தொட்டி வைத்த ஹீட்டரில் வெப்பநிலை 60 டிகிரியில் இருப்பது இந்தப் பாக்டீரியாவுக்கு எதிரான வழி. அந்தச் சூட்டில் தோல் சில நொடிகளில் வெந்துவிடும் என்பதால், குழந்தைகள் கை வைப்பதற்கு முன் பெரியவர்கள் கலந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கீசர் ஓடுகிறது, தண்ணீர் சுடவில்லை

சுவிட்சைப் போடுவதற்கு முன் தொட்டி நிறைந்திருந்ததா? காலித் தொட்டியில் காயில் சூடானால் கருகிப்போகும். சரியான வரிசை: முதலில் கீசருக்குப் போகும் வால்வைத் திறக்க வேண்டும், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று இல்லாமல் சீராக ஓடும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் மின்சாரம். இன்னும் சுவிட்சைத் தொடவில்லை என்றால் இதைப் படித்த நேரம் நல்ல நேரம்.

குளியலறையில் சாக்கடை வாடை

வீட்டைப் பார்க்க வந்தபோது இல்லாத வாடை இப்போது எப்படி வந்தது என்று மனம் பதறும். இதற்குப் பத்துக்கு ஒன்பது தடவை மருந்து ஒரு வாளித் தண்ணீர்.

சிங்க்குக்கு அடியில் குழாய் ஏன் வளைந்து ஏறி இறங்குகிறது என்று யோசித்திருப்பீர்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியபோது அதில் இடம்பெற்ற யோசனை இது, இன்றுவரை இதைவிட எளிய வழி வரவில்லை. வீடு காலியாகக் கிடந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், கதவு திறந்துகொள்ளும். தரையில் இருக்கும் ஒவ்வொரு வடிகாலிலும், ஒவ்வொரு சிங்க்கிலும், பயன்படுத்தாத கழிப்பறையிலும் தண்ணீர் ஊற்றுங்கள். பால்கனி, துணி துவைக்கும் இடம், விருந்தினர் குளியலறை ஆகியவற்றின் வடிகால்கள்தான் மறந்துபோகும். அதிகம் புழங்காத வடிகாலில் தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் ஆவியாவது தாமதப்படும்.

தண்ணீர் ஊற்றி ஜன்னலைத் திறந்துவிட்டு ஓரிரு மணி நேரம் கழித்தும் வாடை இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கழிப்பறைக் கோப்பை அசைகிறதா? அசைந்தால் அடியில் இருக்கும் சீல் போயிருக்கிறது. ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும்போது இன்னொன்றில் களக் களக் என்று சத்தம் வருகிறதா? வந்தால் மேலே போகும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வெளியே போகும் வடிகாலில் அடைப்பு. இரண்டுமே பிளம்பர் வேலை. அடைப்பு நீக்கும் அமிலத்தை ஊற்றிவிட்டு அவரை அழைக்காதீர்கள், குழாயைத் திறக்கும்போது அவர் கையில்தான் படும்.

பெயிண்ட் வாடையும் புது மரச்சாமான் வாடையும் வேறு ரகம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவதைத் தவிர அதற்குக் குறுக்குவழி இல்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த அறையில் முதல் சில நாள் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.

எங்கோ கசிகிறதோ என்று சந்தேகம்

சந்தேகத்தோடு தூங்க வேண்டாம், சோதனை எளிது. எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரைப் போட்டோ எடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உண்டு. அடுத்து மெயின் வால்வை அடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். நகர்வது நின்றால் கசிவு வால்வுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள். நிற்கவில்லை என்றால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில்.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டி. அதில் சில துளி நிறமி கலந்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. மலிவான பாகம், மாற்றுவதும் எளிது.

சோபா கதவில் நுழையவில்லை

நாலு பேர் தள்ளுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கதவுச் சட்டமோ சோபாவோ கிழிவதற்கு முன் கீழே இறக்கி வைத்து அளவெடுங்கள். கால்களையும் மெத்தைகளையும் கழற்றினால் எத்தனை குறைகிறது? கதவைக் கீலிலிருந்து கழற்றினால் கதவின் கனம் அளவுக்கு வழி கூடும். பல வீடுகளில் அந்த மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அப்புறம் சோபாவை நிமிர்த்தி நிற்க வைத்து, முதுகுப் பக்கத்தை முதலில் நுழைத்து, சட்டத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுவாருங்கள். பிரச்சினை கதவில் இல்லை, படிக்கட்டுத் திருப்பத்தில் என்றால் அங்கே உள்ள உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். எதுவும் ஆகவில்லை என்றால் பால்கனி வழி இருக்கிறது, ஆனால் அதைக் கயிறும் அனுபவமும் உள்ள ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

உயரமான அலமாரியை வைத்த கையோடு சுவரில் ஸ்க்ரூ வைத்துப் பிடித்துவிடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது. இழுப்பறைகளைப் படிகளாக்கி ஏறுவது குழந்தைகளுக்குச் சகஜம், அலமாரி அப்படியே மேலே சாய்ந்துவிடும்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் ஆடுகிறது

ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். படுத்த நிலையில் கம்ப்ரஸரின் எண்ணெய் குளிர்வாயு ஓடும் குழாய்களுக்குள் போயிருக்கும். குறைந்தது எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும், நாள் முழுக்கப் படுத்திருந்தால் 24 மணி நேரம். நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தாலும் ஓரிரு மணி நேரம் விட்டுப் போடுவது நல்லது. போட்ட பிறகும் உடனே குளிராது, முழுக் குளிருக்கு ஒரு நாள் கூட ஆகலாம். அதுவரை உள்ளே எதையும் திணிக்காதீர்கள். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள் முழுக்க வண்டியில் வந்த பாலையும் இறைச்சியையும் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் அறையை விட்டு ஓடுவதுபோல் ஆடினால், பின்பக்கம் பாருங்கள். பயணத்தின்போது டிரம் ஆடாமல் பிடிப்பதற்கான போல்ட்டுகள் இன்னும் இருக்கலாம். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷினே கெடும். கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த மாற்றலுக்கு வேண்டும். போல்ட் இல்லையென்றால் நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிகிறதா என்று பாருங்கள்.

பூட்டு

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இதை இன்றே செய்யுங்கள். பழைய சாவிகள் எத்தனை பேர் கையில் இருக்கின்றன என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியாது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, பெரும்பாலும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்மார்ட் பூட்டு, கேமரா, கராஜ் ரிமோட் இருந்தால் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்து உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வேறொருவரின் போனிலிருந்து உங்கள் கதவு திறக்கும்.

சாவி சிக்கினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும். கிராஃபைட் தூள் போடலாம். கதவு தரையில் உரசினால் மேல் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள், இழைப்புளியை எடுப்பது அதற்குப் பிறகு.

நிமிடத்துக்கொரு முறை எங்கோ "கீக்" என்று சத்தம்

புகை அலாரத்தின் பேட்டரி தீர்கிறது. மாற்றிய பிறகும் கத்தினால் பின்பக்கம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் ஆகியிருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும். சத்தம் தாங்காமல் கழற்றி டிராயரில் போட்டுவிட்டுத் தூங்குவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடக்கும் ராத்திரியில் அது கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

வைஃபை எட்டவில்லை

ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். தூர அறையில் 2.4-க்கு மாறிப் பாருங்கள். இணைய இணைப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் ஃபைபர் கேபிள் எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருக்கலாம். அதுவும் இல்லை என்றால் இன்றைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் போதும்.

பெட்டி ஒன்றைக் காணோம், அல்லது உடைந்து வந்திருக்கிறது

வண்டிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எண்ணுங்கள். குறையையும் சேதத்தையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். உடைந்த பொருளை வெளியே எடுப்பதற்கு முன் பெட்டியோடு போட்டோ எடுங்கள், பெட்டியையும் பொதி பேப்பரையும் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கேட்கும்போது பொருள் எப்படிப் பொதியப்பட்டிருந்தது என்பதுதான் முதல் கேள்வி. வண்டி போவதற்குள் அதன் உள்ளேயும் ஒருவர் ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

யாருக்கும் தூக்கம் வரவில்லை

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவதற்கு உடலில் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரவு ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட விழிப்பாக இருந்ததும், சத்தத்துக்கு அதிகம் எதிர்வினை காட்டியதும் தெரிந்தது. அதே இடத்தில் பிறகு தூங்கியபோது அந்த வித்தியாசம் இல்லை. எனவே முதல் இரவுத் தூக்கத்தை வைத்து வீட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

செய்யக்கூடியது, பகலிலேயே கட்டில்களை முதலில் மாட்டிவிடுவது. மற்ற எந்தப் பெட்டியையும் பிரிக்காமல் விட்டாலும் குற்றமில்லை. கட்டில் ஸ்க்ரூக்களைக் காணவில்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் மெத்தையைத் தரையில் போடுங்கள். துவைக்காத பழைய போர்வையே இருக்கட்டும், பழகிய வாசனை குழந்தைகளை அமைதிப்படுத்தும். பூனை இருந்தால் ஒரே அறையில் அதன் சாமான்களோடு வைத்து, கதவைச் சாத்தி, ஆட்கள் போன பிறகு திறந்துவிடுங்கள். முதல் சில வாரம் வெளியே விட வேண்டாம், பழைய வீட்டைத் தேடிப் போய்விடும்.

ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால்

கேஸ், கருகிய வாடை, அடைக்க முடியாத தண்ணீர், பூட்ட முடியாத வாசல் கதவு: இவற்றுக்கு எந்த நேரமானாலும் அழையுங்கள். மற்றதெல்லாம் காலை வரை பொறுக்கும், இரவில் அவசரமாக வருபவருக்குக் கொடுக்கும் கூலியும் மிஞ்சும்.

அழைக்கும்போது "கரண்ட் இல்லை", "தண்ணீர் கசிகிறது" என்று மட்டும் சொன்னால், வருபவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுச் சாமான் வாங்கப் போவார். எந்த எம்சிபியை ஏற்றினால் விழுகிறது, பிளக்கெல்லாம் பிடுங்கிய பிறகுமா, ஒரு குழாயிலா எல்லாவற்றிலுமா, வால்வை அடைத்தபோது மீட்டர் நின்றதா என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். வால்வு, மின்பெட்டி, ஹீட்டரின் பெயர்ப்பலகை ஆகியவற்றின் போட்டோவையும் அனுப்பிவிட்டால், வேண்டிய பாகத்தைக் கையோடு கொண்டுவருவார்.